ஓடாத போர்ப்படங்கள்

2007 செப்டம்பரில் தொடங்கி டிசம்பருக்குள் ஹாலிவுட்டிலிருந்து வரிசையாகச் சில படங்கள் வந்தன. எல்லாமே அப்போது நடந்துகொண்டிருந்த இராக், ஆப்கானிஸ்தான் போர்களைப் பற்றியவை, அல்லது அவற்றின் பெயரால் நடந்த கொடுமைகளைப் பற்றியவை. நடித்தவர்களும் யாரோ எவரோ இல்லை: டாம் குரூஸ், மெரில் ஸ்ட்ரீப், டாமி லீ ஜோன்ஸ், ரீஸ் விதர்ஸ்பூன், ஜான் குசாக். ஒரு படமும் ஓடவில்லை. ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி நடித்த ‘லயன்ஸ் ஃபார் லேம்ப்ஸ்’ படத்துக்கு ஆன செலவு சுமார் 3.5 கோடி டாலர். அமெரிக்காவில் வந்த வசூல் 1.5 கோடி. ‘ரெண்டிஷன்’ 2.75 கோடியில் எடுக்கப்பட்டு அங்கே ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. பால் ஹாகிஸின் ‘இன் த வேலி ஆஃப் ஏலா’ உள்நாட்டில் 70 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. பிரையன் டி பால்மாவின் ‘ரிடாக்டட்’ கதைதான் உச்சம். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் வாங்கிய அந்தப் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் மொத்தமாகச் சம்பாதித்தது சுமார் 65 ஆயிரம் டாலர். அடுத்த மார்ச்சில் வந்த ‘ஸ்டாப்-லாஸ்’ படத்துக்கும் போட்ட பணம் திரும்பவில்லை.

வணிக வட்டாரம் இதற்கு உடனே ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. வீட்டில் டிவியைப் போட்டால் இலவசமாகக் கிடைக்கிற போரைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? மக்கள் களைத்துப்போய்விட்டார்கள்; காயம் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அன்று முதல் இன்றுவரை, நடக்கும் போரைப் பற்றி யாராவது கதை சொல்லப் போனால் பணம் போடுகிறவர்கள் இந்த வாசகத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

விளக்கத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒரு முரண்பாட்டுக்கு அதனிடம் பதில் இல்லை. 2007இல் அமெரிக்கர்களில் பெரும்பான்மையினர் இராக் போரைத் தவறு என்றே கருதினார்கள். கருத்துக்கணிப்புகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஆளும் கட்சியிடமிருந்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் பறித்தும் இருந்தார்கள். அமெரிக்கப் படைவீரர்கள் இராக்கில் மிக அதிகமாக இறந்த ஆண்டும் 2007தான். சுமார் 900 பேர். போர் தவறு என்று நினைத்தவர்கள், போர் தவறு என்று சொன்ன படங்களுக்கு ஏன் போகவில்லை?

முதலில் ‘நடக்கும் போரை யாரும் பார்க்கமாட்டார்கள்’ என்பதை வரலாற்றோடு உரசிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு நடுவே வாழும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் கதையாக 1942இல் வில்லியம் வைலர் ‘மிஸஸ் மினிவர்’ எடுத்தார். அந்த ஆண்டின் மாபெரும் வசூல் படங்களில் ஒன்று அது, ஆஸ்கரும் வாங்கியது. ‘காஸாபிளாங்கா’ வந்ததும் அதே ஆண்டின் கடைசியில்தான். அன்று போர்த் தகவல் அலுவலகம் என்ற அரசுத் துறை, ‘இந்தப் படம் போரை வெல்ல உதவுமா?’ என்று கேட்டுக்கொண்டே படம் எடுக்கும்படி ஸ்டுடியோக்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. அரசியல் நெடி அதைவிடத் தூக்கலாக இருக்க முடியாது, கூட்டம் குறையவில்லை. போர் முடிந்ததும் அதே வைலர், ஊர் திரும்பி வாழ்வில் ஒட்ட முடியாமல் தவிக்கும் மூன்று படைவீரர்களைப் பற்றி ‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) எடுத்தார். அதில் ஒரு வீரராக நடித்தவர் பணியின்போது உண்மையிலேயே இரு கைகளையும் இழந்தவர். காயம் ஆறட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. படம் பிரமாதமாக ஓடியது.

வியட்நாம் சற்றுச் சிக்கலான கதை. போர் நடந்த காலத்தில் அதை நேரடியாகத் தொட்ட பெரிய ஹாலிவுட் படம் என்று சொல்ல ஒன்றுதான் உண்டு: ஜான் வேன் நடித்து, இணைந்து இயக்கிய ‘த கிரீன் பெரேஸ்’ (1968). வேன் ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம் எழுதி, பென்டகனின் முழு ஒத்துழைப்போடு ஜார்ஜியா மாநிலத்து ராணுவ முகாமில் எடுத்த பிரசாரப் படம். கடல் கிழக்கே இருக்கும் நாட்டில் சூரியன் கடலில் மறைவதாகக் காட்டிய அபத்தம் இன்றும் கேலிக்கு உள்ளாகிறது. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நாடு இரண்டாகப் பிளந்துகிடந்த ஆண்டு அது. ஆனாலும் படம் லாபம் பார்த்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ராபர்ட் ஆல்ட்மனின் ‘மேஷ்’ 1970இல் வந்தது. கதை நடப்பது கொரியாவில். பார்த்தவர்களுக்கோ அது வியட்நாம்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. இது கொரியா என்று படத்தின் தொடக்கத்தில் எழுதிக் காட்டும்படி ஸ்டுடியோவே வற்புறுத்தும் அளவுக்கு அது வெளிப்படை. அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று.

இராக் போருக்கே வருவோம். 2004 ஜூனில், போர் தொடங்கிப் பதினைந்து மாதங்களில், மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’ வெளியானது. ஆவணப்படம், அப்பட்டமான அரசியல் தாக்குதல், அப்போதைய ஜனாதிபதியின் பெயரைச் சொல்லிக் குற்றஞ்சாட்டிய படம். விநியோகிக்க மிராமாக்ஸுக்கு அதன் தாய் நிறுவனமான டிஸ்னி அனுமதி தரவில்லை. உரிமை கைமாறி வேறு வழியாகத்தான் திரைக்கு வந்தது. 900க்கும் குறைவான தியேட்டர்களில் வெளியாகி முதல் வாரமே முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 11.9 கோடி டாலர் வசூல். ஆவணப்படங்களின் வரலாற்றில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை. ஆக, போர் நடந்துகொண்டிருப்பதும் படத்தில் அரசியல் இருப்பதும் மட்டுமே கூட்டத்தை விரட்டிவிடுவதில்லை. மூன்று ஆண்டுகளில் வேறு ஏதோ மாறியிருக்கிறது, அல்லது அந்தப் படங்கள் பார்வையாளரிடம் வேறு ஏதோ கேட்டிருக்கின்றன.

சமூக உளவியல் இங்கே ஓரளவு கைகொடுக்கிறது. தம் நம்பிக்கையோடு மோதும் தகவல்களை மனிதர்கள் ஒதுக்கிவைப்பார்கள் என்று லியான் ஃபெஸ்டிங்கர் 1957இல் எழுதினார். போரை ஆதரித்தவர்கள் ‘ரிடாக்டட்’ பக்கம் தலைவைத்துப் படுக்காததை இது விளக்கும். எதிர்த்தவர்களும் போகாததை விளக்காது. அதற்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது, கொடுமைகளைப் பற்றிய மறுப்பு மனநிலையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 2001இல் வெளியிட்ட நூலில் செய்யும் பகுப்பு. மறுப்பு மூன்று விதம் என்கிறார் அவர். நடக்கவே இல்லை என்பது ஒன்று. நடந்தது, ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் நுட்பமானது: நடந்ததையும் ஒப்புக்கொள்வார்கள், அதன் பெயரையும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அதனால் தமக்கு ஏற்படும் பொறுப்பை மட்டும் தள்ளிவிடுவார்கள். 2007இன் அமெரிக்கர் இந்த மூன்றாம் வகை. அவருக்குச் சித்திரவதை தெரியும். அபு கிரைப் சிறைப் படங்களை 2004 ஏப்ரலிலேயே பார்த்துவிட்டார். புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. படம் அவரிடம் கேட்டது வேறொன்று: இதற்கு நீ என்ன சொல்கிறாய்?

மூர் வந்தது தேர்தல் ஆண்டின் ஜூனில். டிக்கெட் வாங்கியவருக்கு நவம்பரில் செய்ய ஒரு காரியம் இருந்தது. தியேட்டரில் கிளம்பிய கோபத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் இருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆளும் இருந்தார், அந்த ஆள் பார்வையாளர் அல்ல. 2007 இலையுதிர்காலத்திலோ தேர்தல் வந்து போய்விட்டது. அதே ஜனாதிபதி மறுபடி வென்றிருந்தார். படைகளைக் குறைக்கச் சொல்லி வாக்களித்தவர்களுக்குக் கூடுதல் படை அனுப்பப்பட்ட செய்திதான் பதிலாகக் கிடைத்திருந்தது. செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாதவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீயும் உடந்தை என்றால் அவர் எதற்கு வருவார்?

அந்தப் படங்களை இப்போது மறுபடி போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. ‘இன் த வேலி ஆஃப் ஏலா’ வரிசையிலேயே சிறந்த படம் என்பது என் கணிப்பு. இராக்கிலிருந்து திரும்பிய மகன் காணாமல்போகிறான். ஓய்வுபெற்ற ராணுவப் போலீஸ்காரரான தந்தை தேடிப் புறப்படுகிறார். மகன் கொல்லப்பட்டிருக்கிறான், கொன்றவர்கள் அவனோடு போர்முனையில் நின்ற தோழர்கள். உண்மைச் சம்பவம் ஒன்றைத் தழுவிய கதை. மகனின் செல்பேசியிலிருந்து சிதைந்த காணொளிகளாக இராக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது, அவனும் அங்கே என்ன செய்தான் என்பதோடு சேர்ந்து. முடிவில் தந்தை அமெரிக்கக் கொடியைத் தலைகீழாக ஏற்றுகிறார்; ஆபத்திலிருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்பதற்கான அடையாளம் அது. டாமி லீ ஜோன்ஸின் முகத்தில் ஓடும் அந்த வறண்ட துக்கத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆனால் படம் பார்வையாளருக்கு நிற்க ஓர் இடம் தரவில்லை. தந்தையின் பக்கம் நிற்கலாம் என்றால் மகனே குற்றவாளியாகிறான். கொன்றவர்களை வெறுக்கலாம் என்றால் அவர்களை அனுப்பியது யார் என்ற கேள்வி வருகிறது.

மற்றவை இந்த உயரத்தை எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘லயன்ஸ் ஃபார் லேம்ப்ஸ்’ படத்தின் பெரும்பகுதி, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுகிறவர்களின் படம். ஒரு அறையில் செனட்டரும் பத்திரிகையாளரும்; இன்னொன்றில் பேராசிரியரும் மாணவனும். ஆப்கன் மலைப்பனியில் மாட்டிக்கொண்ட இரண்டு வீரர்களை மட்டும் அவ்வப்போது காட்டுகிறார்கள். அக்கறையற்ற இளைஞனைப் பார்த்துப் பேராசிரியர் செய்யும் போதனை டிக்கெட் வாங்கியவருக்குத்தான் என்பது பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும். ‘ரெண்டிஷன்’ அப்பாவி ஒருவரை விமானப் பயணத்தின் முடிவில் பிடித்து, ரகசியமாக வட ஆப்பிரிக்க நாடொன்றுக்கு அனுப்பிச் சித்திரவதை செய்யும் கதை. சங்கதி உண்மையில் நடந்ததுதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பு எழுதிவைத்துவிட்டுக் கதையைத் தொடங்கியிருந்தார்கள். நல்ல நோக்கம் உள்ள படம் சலிப்பூட்டினால் அதற்கும் பார்வையாளரையே குறை சொல்வது நியாயமில்லை.

டி பால்மாவுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்துக்கு அவர் தன்னையறியாமலே ஒரு சோதனை செய்து கொடுத்திருக்கிறார். 1989இல் அவர் ‘கேஷுவல்டீஸ் ஆஃப் வார்’ என்றொரு படம் எடுத்தார். 1966இல் வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் ஒரு கிராமத்துப் பெண்ணைக் கடத்தி, வன்புணர்ந்து, கொன்ற உண்மை நிகழ்ச்சி. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், ஷான் பென் நடித்தது. ‘ரிடாக்டட்’ 2006இல் இராக்கின் மஹ்மூதியாவில் ஒரு சிறுமியை அமெரிக்க வீரர்கள் வன்புணர்ந்து, அவளையும் குடும்பத்தினரையும் கொன்ற குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரே இயக்குநர், ஏறக்குறைய ஒரே கதை. முதலாவதற்கும் குற்றத்துக்கும் நடுவே 23 ஆண்டுகள்; இரண்டாவதற்கு ஓராண்டு. காலம் கடந்தால் பார்ப்பார்கள் என்பது சரியானால் முதல் படம் ஓடியிருக்க வேண்டும். பெரிய ஸ்டுடியோ, நட்சத்திரங்கள், வியட்நாம் படங்களுக்கு மவுசு இருந்த ஆண்டு. அப்படியிருந்தும் அது செலவைக்கூட ஈட்டவில்லை.

‘ரிடாக்டட்’ படத்தின் இறுதியில் இறந்துபோன இராக்கியர்களின் உண்மையான புகைப்படங்களை டி பால்மா வைத்திருந்தார். சட்டச் சிக்கல் வரும் என்று சொல்லித் தயாரிப்புத் தரப்பு அந்த முகங்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்தது. தணிக்கையைப் பற்றிய படமே தணிக்கையாகிவிட்டது என்று நியூயார்க் திரைவிழாவின் பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் வெளிப்படையாகச் சண்டை போட்டார். வலதுசாரித் தொலைக்காட்சி விவாதங்களில் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல் எழுந்தது. புறக்கணிக்கத் தனியாக முயற்சி தேவைப்படவே இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களில்தான் படம் ஓடிக்கொண்டிருந்தது.

‘கேஷுவல்டீஸ்’ வருவதற்கு மூன்று ஆண்டு முன்னால் ஆலிவர் ஸ்டோனின் ‘பிளட்டூன்’ சுமார் 60 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு அமெரிக்காவில் 13.8 கோடி அள்ளியது. அதிலும் கிராமம் எரிகிறது, அப்பாவிகள் சாகிறார்கள். ஆனால் படத்தின் மையச் சண்டை இரண்டு அமெரிக்க சார்ஜென்ட்டுகளுக்கு இடையிலானது. ஒருவர் நன்மை, மற்றவர் தீமை. இளம் வீரன் நடுவில் நின்று தேர்ந்தெடுக்கிறான், பார்வையாளர் அவனோடு சேர்ந்து நல்லவர் பக்கம் போய்விடலாம். போரின் பலி அமெரிக்க இளைஞனின் ஆன்மா. அதற்கு முன் ‘த டியர் ஹண்டர்’ (1978) படத்திலும் அழுகை சொந்த ஊர்ப் பையன்களுக்காகத்தான். சில்வெஸ்டர் ஸ்டாலோனின் இரண்டாம் ‘ராம்போ’ (1985) இன்னும் ஒருபடி மேலே போய், தோற்ற போரைத் திரையில் ஜெயித்துக் கொடுத்து 15 கோடி டாலரை வாங்கிக்கொண்டது. காலம் கடந்தபின் மக்கள் பார்க்க வந்தது தங்கள் காயத்தை. தாங்கள் பிறருக்கு ஏற்படுத்திய காயத்தைப் பார்க்க 23 ஆண்டுகளும் போதவில்லை. தம் பிள்ளைகளின் துன்பத்தைக் காட்டும் போர்ப்படம் விலைபோகும். தம் பிள்ளைகளின் குற்றத்தைக் காட்டுவது விலைபோகாது. நடக்கும் போர், முடிந்த போர் என்ற வேறுபாட்டைவிட இது ஆழமான கோடு என்று எனக்குத் தோன்றுகிறது. (இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் இராக்கியரும் வியட்நாமியரும் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.)

இன்னொரு காரணம் திரைக்கு வெளியே இருந்தது. வியட்நாமுக்கு ஆள் எடுத்தது கட்டாய ராணுவச் சேவை. யார் வீட்டுப் பையனுக்கும் ஓலை வரலாம். 1973இல் அது நின்றது. 2001க்குப் பிந்தைய பத்தாண்டில் எந்தச் சமயத்திலும் ராணுவப் பணியில் இருந்தவர்கள் அமெரிக்க மக்கள்தொகையில் அரை சதவீதம் அளவுதான் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. மீதி 99.5 சதவீதத்துக்குப் போர் என்பது வரியில்லாத, வரிசையில்லாத, சவப்பெட்டியில்லாத செய்தி. சவப்பெட்டி என்பதை உவமையாகச் சொல்லவில்லை: டோவர் விமானத்தளத்தில் வந்திறங்கும் வீரர்களின் பேழைகளைப் பத்திரிகைகள் படமெடுக்க 1991 முதல் 2009 வரை தடை இருந்தது. வீட்டுக்கு வராத போரைத் தியேட்டருக்குப் போய் யார் தேடுவார்கள்?

வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் ஓர் உதாரணம் உண்டு. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 1997இல் ‘புரஹந்த களுவர’ எடுத்தார். ஜப்பானின் என்.எச்.கே. நிதி உதவியது. வறண்ட கிராமமொன்றில் பார்வையிழந்த முதியவர் வன்னிஹாமி. போரில் இறந்ததாகச் சொல்லி அவர் மகனின் பேழையை முத்திரையிட்டு அனுப்புகிறது ராணுவம். மகன் செத்துவிட்டான் என்பதை அவர் ஏற்க மறுக்கிறார். இழப்பீட்டுப் பணத்துக்கான தாளில் கையெழுத்துப் போடவும் மறுக்கிறார். வீட்டில் வறுமை, அதிகாரிகளின் நெருக்கல். கடைசியில் அவரே போய்க் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் மகன் இல்லை. ஜோ அபேவிக்ரம அந்த முதியவராக வாழ்ந்திருக்கிறார். ஆனையிறவு வீழ்ந்த 2000இல் படம் வெளியாகவிருந்தது. பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டி அரசு நிறுத்திவைத்தது. விதானகே வழக்குப் போட்டார்; 2001இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படம் திரைக்கு வந்தபோது போர் முடியவில்லை, போர்நிறுத்தம்கூட இல்லை. அரசியல் பேசும் படம்தான். அது பேசியது சிங்கள வீரர்களை அனுப்பிய சிங்கள அரசைப் பற்றி. மக்கள் திரண்டு வந்தார்கள். இலங்கையில் அதிகம் பேர் பார்த்த படங்களின் வரிசையில் அது சேர்ந்தது. அந்தக் கிராமங்களுக்குப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு வந்துகொண்டிருந்தன. எல்லார் மனத்திலும் இருந்த கேள்வியை ஒரு கிழவர் மண்வெட்டியோடு போய்க் கேட்டார். அந்தப் படத்திலும் தமிழர் தரப்பின் சாவு இல்லை என்பதை ஒரு தமிழ் வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது. என் வாதத்துக்கு அதுவும் சான்றுதான்: திரண்டு வந்தது சொந்தக் காயத்தைப் பார்க்க.

அமெரிக்காவில் இராக் படத்துக்குக் கூட்டம் வந்தது 2015 ஜனவரியில். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ பரவலாக வெளியான முதல் மூன்று நாளில் சுமார் 8.9 கோடி டாலர். மொத்தத்தில் உள்நாட்டில் மட்டும் 35 கோடி. நம்மூர் விநியோகஸ்தர் மொழியில் சொன்னால் பி, சி சென்டர்களிலும் பிய்த்துக்கொண்டு ஓடியது. குறிபார்த்துச் சுடும் வீரர் கிறிஸ் கைலின் வாழ்க்கை. இரட்டைக் கோபுரம் டிவியில் இடிகிறது. கொஞ்ச நேரத்தில் நாயகன் இராக்கில் இருக்கிறான். இரண்டுக்கும் தொடர்பு என்ன, பேரழிவு ஆயுதங்கள் எங்கே போயின என்ற கேள்விக்குள் படம் நுழையவே இல்லை. ஐந்தாண்டு முன்னால் அந்தக் கேள்வியை மட்டுமே கேட்ட ‘கிரீன் ஸோன்’, மாட் டேமனும் 10 கோடி டாலர் பட்ஜெட்டும் வேகமான துரத்தல்களும் இருந்தும் உள்நாட்டில் 3.5 கோடியில் நின்றுபோனது. ‘ஸ்னைப்பர்’ படத்தை அரசியலற்ற படம் என்று பலர் பாராட்டினார்கள். கேள்வியை எடுத்துவிடுவதைவிடப் பெரிய அரசியல் கிடையாது. ஆனாலும் ஈஸ்ட்வுட் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்: வீரனின் மனைவி, குழந்தை, தூக்கம் வராத இரவு. தமிழில் 2024இல் ‘அமரன்’ பெற்ற வெற்றிக்கும் இதே அடித்தளம்தான்; காஷ்மீரின் கேள்வி ஒதுங்கி நிற்க, ஒரு மனைவியின் காத்திருப்பு படத்தைச் சுமந்தது.

இத்தனை சொன்ன பிறகும் என் வாதத்துக்கு அடங்காத படங்கள் உண்டு. ‘கிரேஸ் இஸ் கான்’ யாரையும் குற்றம் சொல்லாத படம். இராக்கில் இறந்துபோன தாயைப் பற்றி மகள்களிடம் சொல்ல வாய் வராமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஒரு தகப்பன். சன்டான்ஸில் பார்வையாளர் விருதே வாங்கியது. அமெரிக்கத் தியேட்டர்களில் கிடைத்தது சுமார் 50 ஆயிரம் டாலர். கேத்ரின் பிகலோவின் ‘த ஹர்ட் லாக்கர்’ வெடிகுண்டு செயலிழக்கச் செய்பவனின் பதைபதைப்பைத் தவிர வேறு வாதம் எதையும் வைக்கவில்லை. ‘அவதார்’ படத்தை வீழ்த்தி 2010இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அமெரிக்காவில் அதன் வசூல் 1.7 கோடிதான்.

இவ்விரண்டின் கணக்கைப் பார்க்கும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு முன்னால் எத்தனை திரையில் போட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘ஸ்னைப்பர்’ 3,500க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் இறங்கியது. ‘கிரேஸ் இஸ் கான்’ ஒரு சில ஊர்களைத் தாண்டவில்லை. மக்கள் தவிர்த்தார்கள் என்று எழுதப்படும் பல படங்கள் பெரும்பாலான ஊர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆப்கன் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் பக்ராம் அமெரிக்கச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டதைப் பற்றிய ‘டாக்ஸி டு த டார்க் சைட்’ 2008இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. ஒளிபரப்பு உரிமை வாங்கியிருந்த டிஸ்கவரி சேனல் பின்வாங்கியது, பிறகு எச்.பி.ஓ. எடுத்துக்கொண்டது. திரையரங்கில் சரியாக வெளியிடவில்லை என்று இயக்குநர் அலெக்ஸ் கிப்னி தன் விநியோகஸ்தர்மீதே நடுவர் மன்றத்துக்குப் போனார்.

இந்தப் பழக்கம் 2007இல் தொடங்கியதில்லை. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஆலிவர் ஸ்டோன் ‘பிளட்டூன்’ திரைக்கதையை எழுதி முடித்தது 1976இல். யாருக்கும் வேண்டாத சங்கதி என்று ஸ்டுடியோக்கள் பத்தாண்டு திருப்பி அனுப்பின. படம் வந்தபின் அடைந்த வெற்றி, அந்தப் பத்தாண்டில் யார் தவிர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டிவிட்டது. பிரான்ஸில் இதை அரசே செய்தது. அல்ஜீரியப் போரைத் தொட்ட கோதாரின் ‘லெ பெத்தி சொல்தா’ 1960இல் எடுக்கப்பட்டு, போர் முடிந்த பின்னர் 1963இல்தான் வெளியாக முடிந்தது. பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பே பிரெஞ்சுப் பார்வையாளருக்குக் கொடுக்கப்படவில்லை.

பார்வையாளரை முழுக்க விடுவித்துவிடவும் நான் தயாரில்லை. நட்சத்திரங்களோடு ஆயிரக்கணக்கான தியேட்டர்களில் வந்த ‘லயன்ஸ்’, ‘ரெண்டிஷன்’, ‘கிரீன் ஸோன்’ படங்களை அவர்கள்தான் ஒதுக்கினார்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் படத்திலிருந்து அவர்கள் நழுவுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையைக் காட்டி எல்லாப் படங்களையும் கிடங்கில் போடுவது வேறொரு காரியம். அண்மையில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையின் மஸாஃபர் யாட்டாவில் பாலஸ்தீனர்களின் வீடுகள் இடிக்கப்படுவதைப் பாலஸ்தீனர், இஸ்ரேலியர் நால்வர் சேர்ந்து பதிவுசெய்த ‘நோ அதர் லேண்ட்’, 2024இல் பெர்லின் விழாவில் விருது வாங்கியது. 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. காஸாவில் போர் முடிந்திராத காலம். அமெரிக்காவில் எந்தப் பெரிய விநியோகஸ்தரும் அதைத் தொடவில்லை. படக்குழுவே தியேட்டர் தியேட்டராகப் பேசி வெளியிட்டது. மயாமி பீச்சில் படத்தைப் போட்ட சிறு தியேட்டரின் குத்தகையை ரத்துசெய்ய அந்த ஊர் மேயர் தீர்மானம் கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார். அங்கே காட்சிகளுக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. விளம்பரமும் நட்சத்திரமும் இல்லாத அந்த ஆவணப்படம் அமெரிக்கத் தியேட்டர்களில் 20 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. ‘ரிடாக்டட்’ வசூலைப் போல முப்பது மடங்கு. அடுத்த முறை யாராவது இதையெல்லாம் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னால், எத்தனை தியேட்டரில் போட்டீர்கள் என்று கேளுங்கள்.